சக்கர மூடியில் வானம்

ஏப்ரல் 9

துஷன்பேயில் இருக்கும் மதிப்பிற்குரிய ஷரோஃபிதின் அவர்களுக்கு, இஸ்ஃபரா மேட்டுத் தெருவிலிருந்து இனோயத் எழுதுகிறேன். சலாம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். முறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் இனிப்பாக எழுத எனக்குக் கை வராது. பதினோரு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் பொய் வேண்டாம்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் எண்ணை என்றைக்கோ அழித்துவிட்டேன். இருந்திருந்தாலும் உங்கள் குரலைக் கேட்டவுடன் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறெதையாவது பேசியிருப்பேன். அதனால்தான் டாக்ஸிக்காரரிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வாரம் ஒருமுறை கணவாய் தாண்டி உங்கள் ஊருக்கு வருபவர், நம்பகமானவர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குக்தோக் மலை வானிலை நிலையத்தின் மேகக் குறிப்பேடுகள். நாம் இருவரும் ஒரே அடுப்பில் ரொட்டி சூடாக்கித் தின்றுகொண்டு எழுதிய ஒன்பது வருடமும், நீங்கள் தலைநகருக்கு மாற்றலாகிப் போன பிறகு நான் தனியாக எழுதிய இரண்டு வருடமும். நிலையத்தை மூடியபோது மூட்டை கட்டி எடுத்துப்போனது நீங்கள்தான். ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. நான் எதையும் மறப்பவன் அல்ல.

எதற்கு என்று கேட்பீர்கள். போன ஜூலையில் இங்கே நாற்பது நிமிடம் மழை பெய்தது. நாற்பதே நிமிடம். ஊரின் ஆப்ரிகாட் முழுவதும் தட்டுகளில், கூரைகளில், காய்ந்து பாதியில் இருந்தது. உங்களுக்குத் தெரியும், பாதி காய்ந்த பழத்தில் ஒருமுறை தண்ணீர் பட்டால் கறுத்துப் புளித்துவிடும், கழுதைகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஒரு வருட உழைப்பில் பாதியைப் பெண்கள் கூடையில் அள்ளி வாய்க்காலோரம் கொட்டினார்கள். அன்று காலை வானொலி என்ன சொன்னது தெரியுமா? “மலைப் பகுதிகளில் சில இடங்களில் மழை.” வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சொல்லலாம், ஒரு நாளும் தப்பாகாது. குக்தோக்கில் ஒரு மனிதன் நின்றுகொண்டு மேகத்தைப் பார்த்துத் தந்தி அடித்த காலத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரமாவது கிடைத்தது. அந்த மனிதனை யார் இறக்கினார்கள் என்பதை இங்கே எழுதவில்லை.

உங்கள் வானிலைத் துறையின் ஹுஜந்து கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். வானம் முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் கேமரா ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது என்று சொல்லி ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். அதன் விலைக்கு இரண்டு கார் வாங்கலாம். புத்தகத்தை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து நானே ஒன்று செய்துவிட்டேன். ஓர் ஆட்டின் விலைகூட ஆகவில்லை.

எப்படி என்று சொல்கிறேன், நீங்களும் படித்தவர்தானே. வெல்டிங் பட்டறையில் பழைய வோல்கா கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சக்கர மூடி, குரோம் பூசியது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்தது. தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதைக் கூரைமேல் கவிழ்த்து வைத்தால் அடிவானம் முதல் அடிவானம் வரை முழு வானமும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மேலே மூன்று கம்பிக் காலில், கீழ்நோக்கி ஒரு சின்ன கேமரா. கீழ்நோக்கி இருப்பதால் கேமராவின் கண்ணில் மழை விழாது. உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை ஒன்று ஹுஜந்து சந்தையில் கிடைத்தது. நிமிடத்துக்கு ஒரு படம். தெளிந்த வானத்தில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. மேகத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம். அந்த விகிதத்தை எண்ணி, பத்தில் எத்தனை பங்கு மேகம் என்று அதுவே சொல்லிவிடும். நாம் தாஷ்கண்டில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கற்றதை அது அரை நொடியில் செய்கிறது.

அந்த வோல்கா பழைய கூட்டுப்பண்ணைத் தலைவருடையது. ஒருமுறை பனியில் நடந்துபோன என்னைப் பார்த்தும் பார்க்காமலும் வண்டியை விட்டுக்கொண்டு போனவர். இன்று அவருடைய சக்கர மூடி என் கூரையில் குப்புறப் படுத்து எனக்கு வேலை செய்கிறது. சில கணக்குகள் தாமதமாகத் தீரும்.

ஒரு தொல்லை வந்தது. மூடியில் வானத்தோடு சுற்றுவட்டாரக் கூரைகளும் தெரிந்தன. கூரை என்றால் பழம் காயப்போடும் பெண்கள். பக்கத்து வீட்டு எர்கஷ், புறா வளர்ப்பவன், மூன்று வருடமாக வாய்க்கால் நீர்முறைச் சண்டையில் என்னோடு பேசாதவன், எனக்கு ‘முஅல்லிம்’ என்று வாத்தியார் பட்டம் கட்டியவன், தெருவில் நின்று கேட்டானாம், “முஅல்லிம் வானத்தைப் பாக்குறாராம். வானம் என்ன எங்க வீட்டுக் கூரையிலயா காயுது?” அவன் மனைவி முகர்ரமா தலைமையில் ஆறு பெண்கள் வந்தார்கள். கடைசியில் மூடியின் விளிம்பைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கூரைகள் மறைந்தன. கூடவே அடிவானமும் மறைந்தது. மழை எந்த மலைக்குப் பின்னாலிருந்து வருகிறதோ அதுவும் சேர்த்து. ஆனாலும் தலைக்கு மேலே வந்ததாவது தெரியுமே. இந்த ஒரு பருவம் பார்க்கலாம், சரிவராவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்று தெருவில் முடிவாகியிருக்கிறது.

அதனால்தான் குறிப்பேடுகள் வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கம் மேகம் வளர்ந்தால் எத்தனை நிமிடத்தில் கீழே மழை என்பது அவற்றில் இருக்கிறது. அவற்றை நம்பத் தகாதவை என்று உங்கள் துறை சொன்னது. நம்பத் தகாததை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன பயன்? அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஆயுள் நீளட்டும்.

இப்படிக்கு,
இனோயத்,
முன்னாள் பார்வையாளர், குக்தோக் நிலையம்


ஜூன் 27

ஷரோஃபிதின் அவர்களுக்கு, சலாம்.

குறிப்பேடுகள் வந்து சேர்ந்தன. பதினொன்று, எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கூட ஒரு வரி இல்லை, ஒரு சலாம் இல்லை. பொட்டலத்தின்மேல் முகவரியைக்கூட வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுதக் கை கூசுகிறதோ என்னவோ. இருக்கட்டும். அனுப்பியதற்கு நன்றி.

நன்றி சொல்லிவிட்டு உடனே புலம்புவது அழகல்ல. ஆனால் வேறு யாரிடம் புலம்புவது? விகிதம், நீலம், சிவப்பு என்றால் இந்த ஊரில் யாருக்கு விளங்கும்? இங்கே நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் இருக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் கருவி அருமையாக வேலை செய்தது. மே மாதத்தில் இரண்டு முறை தலைக்கு மேலே மேகம் கூடும்போது சொன்னது, இரண்டு முறையும் தூறல் விழுந்தது. ஊர் நம்பத் தொடங்கியது. கூரையில் ஒரு டிராக்டர் ஹாரன் பொருத்தினேன். வீட்டுக்குள் என் மேசையில் பொத்தான். ஒரு நீண்ட ஒலி என்றால் எல்லாவற்றையும் அள்ளி மூடுங்கள் என்று பேச்சு. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து என் சக்கர மூடியைப் பார்த்துவிட்டு, “என்னா பளபளப்பு! நிலாவ எறக்கி வச்ச மாதிரி இருக்கு” என்று சொல்லிப் போனார்கள். என் மனைவி ஹோசியத் எல்லோருக்கும் பச்சைத் தேநீர் ஊற்றினாள். ஊர் என்னைத் திட்டாத ஒரு மாதம் அது. கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஜூன் நடுவில் பழம் இறங்கியது. அப்போதிருந்து காலை வேளையில் கருவி பத்தில் இரண்டு, மூன்று என்று மேகம் காட்டத் தொடங்கியது. மெல்லிய உயர்மேகமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். பழகாத கண்ணுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். பிறகு நான்கு, ஐந்து. போன வியாழக்கிழமை மதியம் திடீரென்று எட்டுக்குப் போய்விட்டது. பொத்தானை அழுத்தினேன்.

தெரு முழுவதும் ஓடியது. முகர்ரமா என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, “அண்ணே, மேல நீலமாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். நான் மேசையிலிருந்து எழுந்திருக்காமலே, “உன் கண்ணை விட இது கூர்மையம்மா, போய் மூடு” என்றேன். மூடினார்கள். பாதி காய்ந்த பழத்தை அள்ளிக் குவித்து, பிளாஸ்டிக் விரித்து, கல் வைத்து. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். ஒரு சொட்டு இல்லை. வெயில் மட்டும் அடித்தது. மூன்றாவது மணியில் பிளாஸ்டிக்கைத் திறந்தபோது பழம் வியர்த்துக் கொழகொழத்து, தெருவே புளித்த மாவு நாற்றம். மழையே கெடுக்காததை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்கிறார்கள்.

யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடித்த அதே நேரத்தில் எர்கஷ் தன் புறாக்களைப் பறக்கவிட்டிருந்தான். எண்பது புறா. அதுவும் சாம்பலும் வெள்ளையுமாக, மேகத்தின் நிறம். மூடிக்கு மேலே வட்டமடித்தால் கருவி என்ன நினைக்கும்? தெருவில் எல்லோர் முன்பும் அவனைக் கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். “ஏன் முஅல்லிம், என் புறா அவ்வளவு பெருசா? பாத்து, ஒருநாள் ஒன் மேல மழையும் பெய்யும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீர்முறையில் என் அரைமணி நேரத்தைத் திருடியவன் என் பெயரையும் திருடிவிட்டான்.

வரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கருவியைக் கழற்றுவதா வேண்டாமா என்று பேசப்போகிறார்களாம். மீதிப் பழம் இன்னும் மூன்று வாரமாவது கூரையில் கிடக்கும். ஜூலை மழை வரும். அது வரும்போது என் கருவி மூட்டையில் இருக்கும், ஊர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும், போன வருடம் போலவே.

விகிதத்தில் எங்கே தவறு என்று கணக்கை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தவறு இல்லை. கணக்குத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால், இனோயத் இப்போதும் தவறு என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லிச் சந்தோஷப்படுங்கள்.

முட்டி வலி அதிகம். ஏணி ஏறி ஒரு மாதமாகிறது.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நன்மை உண்டாகட்டும்.

இனோயத்


ஜூலை 14

ஷரோஃப்,

உன் பதில் கிடைத்தது. அதைப் பதில் என்று சொல்லலாமா? ஒரு முழுத்தாள், நடுவில் ஒரே வரி, பள்ளிப் பிள்ளை எழுதியது மாதிரி கோணல்மாணலாகப் பெரிய எழுத்து. “மேலே ஏறிப் பார்த்தாயா?”

படித்தவுடன் கிழித்தேன். இரண்டாக மட்டும். அதற்குள் ஹோசியத் பிடுங்கிக்கொண்டாள். “பதினோரு வருசம் கழிச்சு ஒரு வரி வந்திருக்கு, அதையும் கிழிச்சா எப்படி?” என்றாள். பதினோரு வருடத்துக்கு முன் நீ ஆய்வுக்கு வந்தபோது கேட்டதும் இதே கேள்விதான் என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் நான் சொன்னதில்லை.

கோபத்தில்தான் ஏறினேன். உன்னைப் பொய்யனாக்குவதற்காக. முட்டி இடித்தது. மேலே போய்ப் பார்த்தால், என் நிலவின்மேல் பழுப்பு ஏறியிருந்தது. மூடி முழுவதும் மெல்லிய பசை, தேநீர்க் கறை நிறத்தில். தொட்டேன், விரல் ஒட்டியது. முகர்ந்தேன். உனக்கும் தெரிந்த வாசனைதான், ஷரோஃப். கண்ணேறு கழிக்கப் போடும் இஸ்பந்த் புகை.

கீழே இறங்கி ஹோசியத்தைக் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை. “நான்தான் போட்டேன். வர்றவ எல்லாம் நிலா மாதிரி இருக்கு, பளபளன்னு இருக்குன்னு சொல்லிட்டுப் போறா. ஒருத்தியாவது மாஷா அல்லாஹ்னு சொன்னாளா? நாலு பேரு கண்ணு பட்ட சாமான் நிலைக்குமா? அதான் செவ்வாயும் சனியும் ஏறி மூணு சுத்து சுத்தினேன்” என்றாள். வெறும் இஸ்பந்த் இப்படி ஒட்டாதே என்றேன். “கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பும் போட்டேன். புகை நல்லாப் பிடிக்கட்டும்னுதான்” என்றாள். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பழுப்புப் படலம் நீலத்தை விழுங்கிவிட்டது. நீலம் குறைந்தால் கருவி மேகம் என்கிறது. கணக்கில் தவறு இல்லை, நான் சொன்னது சரி. கணக்கைத் தவிர மற்ற எல்லாம் தவறு.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. முட்டி வலி என்று நான் ஒரு மாதம் ஏறாத ஏணியில், என்னை விடக் கெட்ட முட்டியை வைத்துக்கொண்டு, ஒரு கையில் புகைச் சட்டியோடு இவள் வாரம் இரண்டு முறை ஏறியிருக்கிறாள். எனக்காக. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஊருக்கு வானம் சொன்னேன். சாம்பலும் வெந்நீரும் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே எர்கஷ் வீட்டுக் கதவைத் தட்டினேன். இதை எழுதுவது தட்டியதைவிடக் கடினமாக இருக்கிறது. புறா இல்லை, புகை, என் வீட்டுப் புகை என்றேன். தெருவில் சொன்னதைத் தெருவிலேயே வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவன் என்னை நிற்கவைத்தே புறாக்களைக் கூண்டில் அடைத்து முடித்தான். பிறகு, “புறாவ மேகம்னு சொன்ன மொத விஞ்ஞானி நீதான்யா. அதுக்கே ஒனக்கு ஒரு மெடல் குடுக்கணும். உள்ள வா, டீ ஆறுது” என்றான். மூன்று வருடம் கழித்து அவன் வீட்டு ரொட்டியைப் பிய்த்தேன். நீர்முறை அரைமணி நேரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அங்கேதான் முகர்ரமா கேட்டாள். “அண்ணே, மழை எந்தப் பக்கமிருந்து வருது?” உங்கள் கூரைக்கு மேலே தெரியும் மலையிடுக்கிலிருந்து என்றேன். “அந்தப் பக்கம் பெயிண்ட் அடிச்சுட்டு, அப்புறம் அது எப்படிப் பாக்கும்?” என்றாள். நீங்கள்தானே அடிக்கச் சொன்னீர்கள் என்றேன். “அப்ப நாங்க வேற என்ன சொல்றது? நீங்க ஒருவார்த்தை வெளக்குனீங்களா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு பிரஷ்ஷ எடுத்துட்டீங்க. எங்க பக்கம் மட்டும் சொரண்டி விடுங்க. நான் முக்காடு இல்லாம எப்ப கூரையில ஏறுனேன்? ஆனா ஒண்ணு, படம் எங்க போன்லயும் வரணும். எங்க கூரைய நீங்க மட்டும் பாப்பீங்க, நாங்க பாக்கக் கூடாதா?”

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதே. நான் படித்தவன், அதனால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கருவியைக் கழற்ற வேண்டும் என்று யாரும் எழுந்து பேசும் முன்பே எர்கஷ் பேசிவிட்டான். என் பக்கம் பெயிண்ட் போகிறது, என் வீட்டிலேயே சம்மதம் என்றான். மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? இப்போது தெருவில் ஒரு முறை வந்திருக்கிறது. தினமும் காலையில் ஹோசியத் மூடியைத் துடைப்பாள். இஸ்பந்த் புகை ஏணியின் அடியில் மட்டும், கொழுப்பில்லாமல். கருவி எவ்வளவு காட்டினாலும் ஒருவர் மேலே ஏறிக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹாரன். அந்த ஒருவர் நான்தான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது நல்ல செய்தி. ஒன்பதாம் தேதி, மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். தலைக்கு மேலே சுத்தமான நீலம். சுரண்டிவிட்ட விளிம்பில், மலையிடுக்கின்மேல் மட்டும் நகத்தளவு வெள்ளை. பத்தில் ஒன்றுகூட இல்லை. ஏறினேன். மலையிடுக்குக்குப் பின்னால் காலிஃபிளவர் மாதிரி ஒரு தலை எழும்பிக்கொண்டிருந்தது, விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல. நம் ஐந்தாவது குறிப்பேட்டில் உன் கையெழுத்தில் இருக்கிறது, “ஜூலை, இடுக்கின்மேல் கூர்விளிம்புக் குவியல்மேகம், ஊரில் மழை ஐம்பது நிமிடத்தில்.” கூரையிலிருந்தே ஹோசியத்தை அழைத்து அழுத்து என்றேன்.

ஹாரன் அடித்தது. எர்கஷ் தன் கூரையில் ஏறி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கேட்டான், “முஅல்லிம்! புறாவா, மேகமா?” மேகம் என்று கத்தினேன். “நீயே பாத்தியா?” நானே பார்த்தேன் என்று கத்தினேன். தெரு முழுவதும் கேட்டது. வெயில் கொளுத்துகிறது, நீல வானம், போன முறை பட்ட சூடு ஆறவில்லை, ஆனாலும் ஒரு வீடு விடாமல் அள்ளினார்கள். முகர்ரமா போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் முதல் சொட்டு. பிறகு கொண்டைக்கடலை அளவு ஆலங்கட்டி. அரை மணி நேரம் அடித்துவிட்டு நின்றது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து ஒருவர் கூரையை ஒருவர் பார்த்தார்கள். பழம் உலர்ந்தே இருந்தது. அந்தத் தெருவில் நனைந்தது ஒரே ஒரு வீட்டுத் தட்டுகள். என் வீட்டுத் தட்டுகள். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஹோசியத் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று. “ஊருக்கே குடை பிடிச்ச ஆளு, சொந்த வீட்டுல மூணு தட்ட மறந்தாரு” என்று இனி சாகும்வரை சொல்லப்போகிறாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் மூன்று தட்டு உலர்ந்த ஆப்ரிகாட் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தட்டில் புறா இறகு ஒன்று ஒட்டியிருந்தது.

பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். வோல்காவுக்குச் சக்கரம் நான்கு. இன்னும் மூன்று மூடி இருக்கிறது.

இனி நான் எழுத வந்தது. நீ அந்த நவம்பரில் ஆய்வுக்கு வந்தபோது நிலையத்தின் பார்வை மேடைப் படியில் மூன்று நாள் பனி கலையாமல் கிடந்தது. ஒரு காலடித் தடம் இல்லை. குறிப்பேட்டில் மூன்று காலைக்கும் மேகக் கணக்கு எழுதியிருந்தது. நீ அதைத்தான் அறிக்கையில் எழுதினாய், அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. மூட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினோரு வருடமாக உன்னைத் துரோகி என்று சொல்லி வந்தேன். ஒரு நாள்கூட உன்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? சொல்ல முடியாது. அந்த மூன்று காலை நான் அடுப்பை விட்டு நகரவில்லை. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ போன பிறகு, யாருக்காக ஏறுகிறோம் என்று இருந்தது. ஜன்னல் வழியே பார்த்துப் பத்து, பத்து, பத்து என்று எழுதினேன். ஆனால் ஒரு வருத்தத்தை மட்டும் விட்டுவிட மாட்டேன், ஷரோஃப். என்னைத் தனியாக விட்டுப்போனவன் ஆய்வாளனாக வந்து நின்றாய்.

நீ அனுப்பிய பதினோராவது குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். உன் சிவப்புப் பென்சில் கோடு இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நீ அதைத் தொடவே இல்லை. அதை அடிக்க வேண்டியவன் நான் என்று விட்டுவைத்தாயோ என்னவோ. மூன்று பத்தையும் அடித்து, “பார்க்கவில்லை” என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். மற்ற பத்தும் எனக்கு வேண்டும்.

டாக்ஸிக்காரர் சொன்னார், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாயாம். கண்புரையாம், செப்டம்பரில் அறுவை சிகிச்சையாம், முகவரியைப் பேத்தி எழுதினாளாம். அந்தக் கோணல் எழுத்து ஏன் என்று இப்போது புரிகிறது. கிழித்த தாளை ஹோசியத் மாவுப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அறுவை சிகிச்சைக்கு நான் வருகிறேன், மறுக்காதே. அதற்கு முன் ஆகஸ்டில் அதே டாக்ஸியில் ஏறி இங்கே வா. கூரையில் உனக்கு ஒரு மெத்தை போடுகிறேன். நான் வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன், நீ படுத்துக்கொண்டே கேள். எங்கே பொய் சொல்கிறேன் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் கண்ணுக்கு இறைவன் ஒளி தரட்டும். வந்ததும் முதலில் ஏணியைத் தடவிப் பார். ஒன்பது படி. ஒன்றிலும் தூசி இருக்காது.

உன்
இனோயத்